ஏழு தொல்மீன் மாடல் செட்டும் கூட வந்த வம்சாவளி சார்ட்டும்: வாங்கலாமா?

பொண்ணோட 9-வது பொறந்தநாளுக்கு ஆன்லைன்ல ஒரு மாடல் செட் வாங்கினோம், மூணு மாசமா வீட்ல இருக்கு, இப்போ எழுதலாம்னு தோணுது. அட்டைப்பெட்டிக்குள்ள ஏழு பிளாஸ்டிக் உருவம், மடிச்சு வச்ச பெரிய வம்சாவளி சார்ட் ஒண்ணு, பத்துப் பதினஞ்சு பக்கத்துக்கு ஒரு சின்ன கையேடு. எங்களுக்கு 64 ஆஸ்திரேலியன் டாலர் ஆச்சு, டெலிவரி தனி. கம்பெனி பேரை வேணும்னேதான் போடல, ஏன்னா குறைன்னு சொல்ல நிறைய இருக்கு, ஒரே ஒரு பெட்டியை வச்சு யாரையும் பேர் சொல்லிக் குறை சொல்ல எனக்கு இஷ்டமில்ல. இதே மாதிரி செட்டுங்க வேற வேற பேர்லயும் விக்குது, எதை எடுத்தாலும் என்ன பாத்து வாங்கணும்னு தெரிஞ்சா போதும்.

வாங்கினதுக்குக் காரணம் ஒரே ஒரு மீன். ஏழுல நாலாவது, கனவுண்ட்ரா, ஆஸ்திரேலியாவுல அதே பேர் இருக்கற ஊர் பக்கம் கிடைச்ச பழங்காலத்து மீன். எழுத்தைப் பாத்தா கானோவிண்ட்ரான்னு படிக்கத் தோணும், ஆனா அந்த ஊர்க்காரங்க வாயில அது கனவுண்ட்ராதான், நானும் அப்படியே எழுதறேன். பொம்மைக் கடையில டைனோசர் வண்டி வண்டியா கிடைக்கும், மீனுக்கும் நாலு கால் பிராணிக்கும் நடுவுல இருக்கற டிக்டாலிக் கூட எப்பவாவது கண்ணுல படும், ஆனா கனவுண்ட்ராவை யாரு பொம்மையா செய்வா? அதனால போட்டோவுல அந்தப் பேரைப் பாத்ததும் விலையைக் கூட ஒழுங்கா பாக்காம ஆர்டர் போட்டுட்டேன்.

நாங்க இருக்கறது சிட்னி. அங்கேர்ந்து மேற்கால கார்ல கிட்டத்தட்ட நாலு மணி நேரம் போனா வர்ற சின்ன ஊர் கனவுண்ட்ரா, ஹாட் ஏர் பலூனுக்குப் பேர் போன ஊர். அங்க மீன்களின் யுகம்னு அர்த்தம் வர்ற பேர்ல ஒரு மியூசியம் இருக்கு, போன வருஷம் போய்ட்டு வந்தோம். 1955-ல அந்த ஊருக்கும் கூலுகாங் ஊருக்கும் நடுவுல ரோட்டு வளைவை நிமித்தற வேலை நடந்தப்போ புல்டோசர் ஒரு பெரிய பாறைப் பலகையைப் புரட்டிப் போட்டுச்சு, அடிப்பக்கம் பாத்தா வரி வரியா விசித்திரமான பதிவுங்க, ஓரமா தூக்கி வச்சிருந்ததை யாரோ கவனிச்சு சொல்லி கடைசியில சிட்னி ஆஸ்திரேலியன் மியூசியம் வரைக்கும் சேதி போச்சு. அந்த ஒரு பலகையில மட்டும் நூத்துக்கும் மேல மீன். முக்கால்வாசி என்ன, கிட்டத்தட்ட எல்லாமே தலையிலயும் நெஞ்சுலயும் ஓடு போட்ட கவச மீனுங்க, ரெமிகோலெபிஸ், பாத்ரியோலெபிஸ்னு ரெண்டு வகை. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல அரை மீட்டர் நீளத்துக்கு வேற மாதிரி மீன் ஒண்ணே ஒண்ணு படுத்திருந்துச்சு. அதுக்குத்தான் 1973-ல கீத் தாம்சன்ங்கற ஆய்வாளர் 'கனவுண்ட்ரா குரோஸை'ன்னு பேர் வச்சாரு, ஊர் பேரும் வால்டர் குரோஸ்ங்கற ஜெர்மன் ஆய்வாளர் பேரும் சேந்தது.

அப்புறம் 1993-ல ஆஸ்திரேலியன் மியூசியத்து ஆய்வாளர் அலெக்ஸ் ரிட்சி ஊர்க்காரங்களையும் கவுன்சில் மிஷினையும் சேத்துக்கிட்டு அதே இடத்தைத் திரும்பத் தோண்டினாரு. பலகை பலகையா 3,000 மீனுக்கு மேல கிடைச்சுது. அதுல ஒண்ணரை மீட்டரைத் தாண்டற மாண்டஜீரியாங்கற மீனும் கிடைச்சுது, இன்னிக்கு அது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தோட தொல்லுயிர் சின்னம். அவ்வளவு மீன் வந்தும் கனவுண்ட்ரா மட்டும் இன்னொண்ணு வரவே இல்ல, இன்னிக்கு வரைக்கும் அந்த ஒரு உடம்புதான். நான் அந்த மியூசியத்துல நின்னப்போ இதைத்தான் நெனச்சுட்டு இருந்தேன். அந்தப் புல்டோசர்காரர் பலகையைப் புரட்டாம மண்ணைத் தள்ளி மூடியிருந்தா ஒரு ஜீவன் இருந்ததே நமக்குத் தெரியாம போயிருக்கும்.

அங்க போனா இன்னொரு விஷயம் கட்டாயம் கவனிங்க. பலகையில இருக்கறது எலும்பு இல்ல. எலும்பெல்லாம் எப்பவோ கரைஞ்சு போச்சு, குழிதான் மிச்சம். கொழுக்கட்டை அச்சு மாதிரின்னு வச்சுக்கோங்க, அந்தக் குழியில ரப்பர் பாலை ஊத்திக் காய விட்டு உரிச்சு எடுத்தா மீனோட மேல்புறம் செதில் செதிலா அப்படியே வரும், ஆய்வாளருங்க அதை வச்சுதான் படிக்கறாங்க. குட்டை வத்த வத்த மீனெல்லாம் கடைசித் தண்ணியில நெருக்கி அடிச்சுக்கிட்டு செத்துருக்குன்னு சொல்றாங்க. கோடையில கண்மாய் வத்தறதைப் பாத்தவங்களுக்கு அந்தப் பலகையைப் பாத்ததுமே புரியும், விளக்கப் பலகையே வேண்டாம்.

சரி, செட்டுக்கு வர்றேன்.

கனவுண்ட்ரா மாடலை கையில எடுத்ததும் எனக்கு மொதல்ல கண்ணுதான் உறுத்துச்சு. பெரிய உருண்டைக் கண்ணு, மஞ்சள் வளையம் போட்டு, மீன் மார்க்கெட்ல சங்கரா பாக்கற மாதிரி பாக்குது. நிஜத்துல இந்த மீனோட தனி அடையாளமே கண்ணு ரொம்பச் சின்னதா இருக்கறதுதான். அகலமான மொட்டைத் தலை, அதுல புள்ளி வச்ச மாதிரி கண்ணு. கலங்கல் தண்ணியில பார்வையை விட மத்த உணர்வுகளைத்தான் நம்பி வாழ்ந்திருக்கும்னு நினைக்கத் தோணும். இது சின்ன விஷயம் இல்ல, ஏன்னா இதோட சொந்தக்காரங்களை கண்டுபிடிக்க உதவின அடையாளத்துல இதுவும் ஒண்ணு. மொதல்ல இதை எந்தக் குடும்பத்துல சேக்கறதுன்னே தெளிவா இல்லாம இருந்துச்சு, 1985-ல ஜான் லாங்ங்கற ஆய்வாளர் அந்த ஒரே உடம்போட தலையையும் தோள் எலும்பையும் திரும்ப உக்காந்து படிச்சாரு. ரெண்டு வருஷம் கழிச்சு விக்டோரியா மாநிலத்துல ஹோவிட் மலையில கிடைச்ச பீலரோங்கியாங்கற மீனை விவரிச்சாரு. 1992-ல அண்டார்டிகாவுலேர்ந்து கோஹராலெபிஸ்ங்கற மீன் வந்துச்சு. மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சா அகலத் தலை, குட்டிக் கண்ணு, தலை எலும்புங்க சேந்திருக்கற விதம்னு ஒரே ஜாடை. இதுதான் கனவுண்ட்ரிடேங்கற குடும்பம்.

ஒண்ணு நியூ சவுத் வேல்ஸ், ஒண்ணு விக்டோரியா, ஒண்ணு பனி மூடின அண்டார்டிகா, ஐரோப்பாவுலயோ வட அமெரிக்காவுலயோ ஒண்ணு கூட இல்ல. அப்போ இந்த நிலமெல்லாம் கோண்ட்வானாங்கற ஒரே கண்டம், நம்ம தென்னிந்தியாவும் இலங்கையும் கூட அண்டார்டிகாவை ஒட்டிக்கிட்டு அதுலதான் இருந்துச்சு, கோண்ட்வானாங்கற பேரே மத்திய இந்தியாவுல கோண்டு மக்கள் வாழற நிலத்தோட பேர்தானே. அந்தக் கண்டத்தோட கிழக்கு ஓரத்து ஆத்துலயும் குளத்துலயும் மட்டும் பெருகி அங்கயே முடிஞ்சு போன குடும்பம் இது. கையேட்டுல இதைப் பத்தி ஒரு வரி இல்ல. 'ஆஸ்திரேலிய மீன், கொன்று தின்னும்'னு ரெண்டு வரியோட முடிச்சுட்டாங்க. எனக்கு நிஜமாவே வருத்தமா இருந்துச்சு, பொட்டியிலேயே அபூர்வமான பிராணி அதுதான்.

உடம்பு நல்லா செஞ்சிருக்காங்க, அதையும் சொல்லணும். செதில் வட்ட வட்டமா இருக்கு, அது சரி. பீலரோங்கியாவுக்கும் கோஹராலெபிஸுக்கும் செதில் சாய்சதுரமா, மேல பளபளன்னு ஒரு பூச்சோட இருக்கும், கனவுண்ட்ராவுக்குத்தான் வட்டம், அந்த வித்தியாசத்தை எப்படியோ சரியா பிடிச்சிருக்காங்க. துடுப்பு அடியில சதை தடிமனா இருக்கு, அதுவும் சரி.

மத்த ஆறையும் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். சீலகாந்த் அருமை, வால்ல நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கற குட்டி வாலைக் கூட விடல. 1938-ல தென்னாப்பிரிக்காவுல வலையில உயிரோட சிக்கற வரைக்கும் டைனோசரோட சேந்து அழிஞ்சு போச்சுன்னு எல்லாரும் நம்பின மீன். நுரையீரல் மீன் குயின்ஸ்லாந்து ஆத்துல இன்னிக்கும் இருக்கற வகை, மாடல் பரவாயில்ல, பெயிண்ட்தான் ஒரு மாசத்துல வயித்துப் பக்கம் உரிய ஆரம்பிச்சுது. ரைசோடோன்ட்னு ஒரு கோரப்பல்லுக்காரன் இருக்கான், ஸ்காட்லாந்துல கிடைச்ச இந்தக் கூட்டத்து மீனுங்க ஆறு மீட்டரைத் தாண்டியிருக்கும்னு கணக்கு, ஆனா பெட்டியில எல்லா உருவமும் ஒரே சாண் நீளம்! இது பெரிய குறை. அரை மீட்டர் கனவுண்ட்ராவும் இந்த ராட்சசனும் ஒரே சைஸ்ல நின்னா குழந்தை என்னன்னு நினைக்கும்? பக்கத்துல ஒரு மனுஷ நிழலாவது வரைஞ்சு காட்டியிருக்கலாம்.

யூஸ்தெனாப்டெரான்தான் செட்டுலயே சிறந்த பீஸ், இதுக்காகவே காசு குடுக்கலாம். ஒரு பக்கம் முழு மீன், இன்னொரு பக்கம் நெஞ்சுத் துடுப்பை வெட்டின மாதிரி செஞ்சு உள்ள எலும்பைக் காட்டியிருக்காங்க. உடம்பை ஒட்டி ஒரு எலும்பு, அதுக்கு அடுத்து ரெண்டு. பொண்ணை அவ கையையே தடவிப் பாக்கச் சொன்னேன், மேல்கையில ஒண்ணு, முழங்கைக்குக் கீழ ரெண்டு. ரொம்ப நேரம் தன் கையையும் மீனையும் மாத்தி மாத்தித் தொட்டுப் பாத்துட்டே இருந்தா. கனடாவுல க்யூபெக் பக்கம் மிகுவாஷாங்கற கடலோரப் பாறையில கிடைச்ச மீன் இது, 1881-ல பேர் வச்சாங்க, ஸ்வீடன்ல எரிக் யார்விக்னு ஒருத்தர் வாழ்நாள்ல பெரும்பகுதியை இந்த ஒரு மீனுக்கே குடுத்தாரு, மண்டையை மெல்லிசா தேய்ச்சு தேய்ச்சு ஒவ்வொரு அடுக்கையும் வரைஞ்சு அதை வச்சு மெழுகுல பெரிசா திரும்பக் கட்டினாரு. கோஹராலெபிஸுக்கு முழுப் பேர் கோஹராலெபிஸ் யார்விக்கி, அது இவர் பேர்தான்.

டிக்டாலிக் ஓகே, தட்டைத் தலை, மேல பாக்கற கண்ணு, கழுத்து எல்லாம் இருக்கு. அகாந்தோஸ்டீகா ஆரம்பகால நாலு கால் பிராணி, அதுல ஒரு பெரிய தப்பு, முன்னங்கால்ல அஞ்சு விரல் போட்டிருக்காங்க. எட்டு விரல்! 1990-ல மைக்கேல் கோட்ஸும் ஜென்னி கிளாக்கும் கிரீன்லாந்து உடம்புங்களை வச்சு எழுதி உலகமே ஆச்சரியப்பட்ட விஷயம் அது. அஞ்சு விரல்தான் ஆதியிலேர்ந்து வந்த கணக்குன்னு எல்லாரும் நம்பிட்டு இருந்ததை மாத்தின பிராணிக்கே அஞ்சு விரலை வச்சு விக்கறது எனக்கு மனசுக்கு ஒத்துக்கவே இல்ல.

இனி சார்ட். இதைப் பத்தித்தான் முக்கியமா சொல்ல வந்தேன்.

சுவர்ல ஒட்டற சைஸ், கலர் நல்லா இருக்கு, பேப்பர் தரமா இருக்கு. வரைஞ்சிருக்கறது ஏணி. கீழ சீலகாந்த், அதுலேர்ந்து அம்புக்குறி நுரையீரல் மீனுக்கு, அதுலேர்ந்து ரைசோடோன்ட், அப்புறம் கனவுண்ட்ரா, அப்புறம் யூஸ்தெனாப்டெரான், டிக்டாலிக், அகாந்தோஸ்டீகா, உச்சியில ஒரு மனுஷப் பாதம். அழிஞ்சு போனதுக்கெல்லாம் படத்துக்குக் கீழ வயசு போட்டிருக்கு. யூஸ்தெனாப்டெரான் 38 கோடி வருஷம், டிக்டாலிக் 37.5 கோடி, அகாந்தோஸ்டீகா 36.5 கோடி, கனவுண்ட்ரா 36 கோடி. நம்பருங்க சுமாரா சரிதான். ஒட்டின அன்னிக்கு ராத்திரியே பொண்ணு கேட்டா, "அம்மா, கனவுண்ட்ராலேர்ந்துதானே டிக்டாலிக் வந்துச்சுன்னு போட்டிருக்கு, அப்போ டிக்டாலிக் ஏன் அதை விட வயசுல பெருசா இருக்கு? பேரன் எப்படிம்மா தாத்தாவுக்கு முன்னாடி பொறக்கும்?"

அந்தக் கேள்விக்கு அந்தச் சார்ட்டை வச்சுக்கிட்டு பதில் சொல்லவே முடியாது, ஏன்னா சார்ட்டே தப்பு.

நான் அவளுக்குச் சொன்னது இதுதான். கனவுண்ட்ரா நமக்குத் தாத்தா இல்லம்மா, பங்காளி. ரொம்பப் பழைய முப்பாட்டன் ஒருத்தருக்கு நிறைய பிள்ளைங்க, அதுல ஒரு கிளை சீலகாந்தா தனியா போச்சு, அதுக்கு அப்புறம் இன்னொரு கிளை நுரையீரல் மீன் பக்கம் போச்சு, மிச்சம் இருந்த கிளையிலதான் நாம வர்றோம், நம்ம கிளையிலயும் மொதல்ல ரைசோடோன்ட் பிரிஞ்சு போச்சு, அப்புறம் கனவுண்ட்ரா குடும்பம், அப்புறம் யூஸ்தெனாப்டெரானும் மாண்டஜீரியாவும் இருக்கற குடும்பம். பிரிஞ்சு போனவங்க உடனே செத்துடல. அவங்கவங்க ஊர்ல அவங்கவங்க வாழ்க்கையை வாழ்ந்தாங்க. வடக்க கிரீன்லாந்துல ஒருத்தருக்கு எட்டு விரலோட கால் வந்த பிறகும் தெற்க கோண்ட்வானாவுல கனவுண்ட்ரா மீனாவே நீந்திக்கிட்டு இருந்துச்சு, அது பின்தங்கினதுன்னு அர்த்தமில்ல, அந்தத் தண்ணிக்கு அந்த உடம்பு போதும். பெரியப்பா பையன் நம்மளை விடச் சின்னவனா இருக்கறதுல என்ன அதிசயம் இருக்கு?

அவளுக்கு உடனே புரிஞ்சுது, ஏன்னா எங்க வீட்லயே அவளுக்கு அவளை விட ரெண்டு வயசு சின்ன மாமா ஒருத்தன் இருக்கான்.

போலந்துல ஸாகெல்மியேங்கற இடத்துல கால்தடம் மாதிரி பதிவுங்க கிடைச்சிருக்குன்னு 2010-ல அறிவிச்சாங்க, வயசு 39 கோடி வருஷம் கிட்ட, அதாவது டிக்டாலிக்கை விடவும் பழசு. அது நிஜமாவே நாலு கால் பிராணியோட தடம்தானான்னு சந்தேகப்படறவங்களும் உண்டு. இருந்தாலும் இந்தச் சார்ட்ல இருக்கற மாதிரி ஒண்ணு செத்து அடுத்தது வந்துச்சுங்கற கணக்கு எப்படிப் பாத்தாலும் நிக்காது. அதே மாதிரி நுரையீரல் மீனை சீலகாந்துக்குப் பொறந்த மாதிரி போட்டிருக்கறதும் தப்பு. 2013-ல சீலகாந்தோட முழு மரபணுவைப் படிச்சப்போ நமக்குக் கிட்டத்துச் சொந்தம் நுரையீரல் மீன்தான்னு உறுதியாச்சு. வஞ்சிரமும் நுரையீரல் மீனும் ரெண்டுமே மீன்னு நாம சொல்றோம், ஆனா ரத்த சொந்தம்னு பாத்தா நுரையீரல் மீனுக்கு வஞ்சிரத்தை விட நாம கிட்ட. இவ்வளவு அழகான விஷயத்தை ஒரு கோட்டை வளைச்சுப் போட்டிருந்தா சொல்லியிருக்கலாமே, அதுக்கு கூட ஒரு பைசா செலவாகாது.

கனவுண்ட்ரா குடும்பம் மரத்துல சரியா எந்த இடத்துல பிரிஞ்சுதுங்கறதுல ஆய்வாளருங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. சில ஆய்வுல கொஞ்சம் கீழ வருது, சிலதுல கொஞ்சம் மேல வருது. ஒரே ஒரு உடம்பு, அதுவும் எலும்பில்லாத குழி, அதை வச்சு எவ்வளவுதான் சொல்ல முடியும்? முன்னெல்லாம் கனவுண்ட்ரா, யூஸ்தெனாப்டெரான், இன்னும் பல மீனுங்களை ஆஸ்டியோலெபிஃபார்ம்னு ஒரே கூடையில போட்டு வச்சிருந்தாங்க. அது ஒரு குடும்பமே இல்ல, கால் முளைச்ச கிளையை மட்டும் தனியா எடுத்துட்டு மிச்சம் மீதியை எல்லாம் அள்ளிப் போட்ட கூடைன்னு இப்போ தெரியுது. கையேடு இன்னும் அந்தப் பழைய பேரையே ஒரு குடும்பம் மாதிரி எழுதியிருக்கு.

நாங்க என்ன செஞ்சோம்னா, சார்ட்டை சுவர்லேர்ந்து எடுத்து ஏழு படத்தையும் கத்தரிச்சுட்டோம். பெரிய பிரவுன் பேப்பர்ல வேப்பமரம் மாதிரி கிளை விட்டு வரைஞ்சு, ஒவ்வொண்ணையும் அதது கிளை நுனியில ஒட்டினோம், நடு மரத்துல எதையும் ஒட்டல. கனவுண்ட்ரா கிளையில பீலரோங்கியாவையும் கோஹராலெபிஸையும் அவளே பென்சில்ல வரைஞ்சா, கோஹராலெபிஸ் பக்கத்துல பனி வேற வரைஞ்சிருக்கா. அப்போ அங்க பனி இல்லடி, ஆறு ஓடுச்சுன்னு சொன்னேன், அழிச்சுட்டு ஆறு வரைஞ்சா. அந்த ஒரு ஞாயித்துக்கிழமைக்கே 64 டாலர் தகும்னு எனக்குத் தோணுச்சு, ஆனா அந்த வேலையை வாங்கறவங்க தலையில கட்டக்கூடாது.

கம்பெனிக்கு விரலையும் கண்ணையும் சார்ட்டையும் பத்தி விவரமா மெயில் போட்டேன். பத்து நாள் கழிச்சு நன்றின்னு பதில் வந்துச்சு, அடுத்த பதிப்புல பாக்கறோம்னு சொன்னாங்க. உரிஞ்சு போன நுரையீரல் மீனுக்கு மட்டும் மாத்து அனுப்பினாங்க, அதுக்குக் காசு வாங்கல. பேக்கிங் நல்லாவே இருந்துச்சு, எதுவும் உடையாம வந்துச்சு. மொத ரெண்டு நாள் பிளாஸ்டிக் வாசனை அடிச்சுது, வெயில்ல வச்சதும் போயிடுச்சு.

அஞ்சுக்கு மூணு குடுப்பேன். ரெண்டு மார்க் குறைச்சது ஏணிக்கும் அஞ்சு விரலுக்கும். கூட உக்காந்து பேச பெரியவங்க நேரம் ஒதுக்க முடியும்னா தாராளமா வாங்குங்க, யூஸ்தெனாப்டெரான் துடுப்பு ஒண்ணுக்காகவே. குழந்தை கையில குடுத்துட்டு அதுவே படிச்சுக்கும்னு விடறதா இருந்தா வேண்டாம், தப்பு அப்படியே மனசுல உக்காந்துடும். ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கும் வேண்டாம், துடுப்பு நுனி கூரா இருக்கு. நியூ சவுத் வேல்ஸ்ல இருக்கறவங்க மொதல்ல கனவுண்ட்ரா போய் அந்தப் பலகைங்களைப் பாத்துட்டு அப்புறம் வாங்குங்க.

வாங்கிட்டீங்கன்னா கனவுண்ட்ரா கண்ணை நீங்களே சரி பண்ணிடலாம். அசிட்டோன் வேண்டாம், பிளாஸ்டிக் இளகிடும். உடம்பு கலர்ல அக்ரிலிக் பெயிண்ட் எடுத்து மஞ்சள் வளையத்து மேல ரெண்டு கோட்டிங் குடுத்து ஒரு நாள் காய விடுங்க, அப்புறம் பல்குத்தும் குச்சி நுனியில கறுப்புத் தொட்டு மூக்குக்குக் கிட்ட ரெண்டு பக்கமும் ஒரே ஒரு புள்ளி. எங்க வீட்ல அதை பொண்ணுதான் வச்சா.